ருபார்ப் வயலில் பதினோரு படைகள்

மண்ணிலிருந்து எடுத்த பொத்தானைத் தேய்க்கக் கூடாது. இதை என் அண்ணன் நெவிலுக்குப் புரியவைக்க எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. வயலில் நின்றபடியே எச்சில் தொட்டுக் கட்டைவிரலால் ஒரு தேய் தேய்ப்பான். மண்ணோடு சேர்ந்து மேலே இருந்த தங்க முலாமும் வந்துவிடும். முலாம் போனால் அதில் பதித்திருந்த எண்ணும் போய்விடும். பிறகு அது வெறும் பச்சை வட்டம்.

"எடுத்தா அப்படியே பையில போடு. நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிச் சொல்லி ஒரு வழியாகப் பழக்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலை சமையலறை மேசையில் அந்தப் பையைக் கொட்டுவோம். பாட்டில் மூடி, துப்பாக்கிக் குண்டு, டிராக்டர் ஆணி எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டுப் பொத்தான்களை மட்டும் நான் எடுத்துக்கொள்வேன். ஒரு சொட்டுத் தண்ணீர், குழந்தைகளின் பல் துலக்கும் பிரஷ், பல்குத்தி. இவ்வளவுதான் கருவி. முதலில் பின்பக்கம் பார்க்க வேண்டும். தைப்பதற்கான வளையம் எப்படி ஒட்டியிருக்கிறது, செய்தவர் பெயரும் தெருவும் இருக்கிறதா என்று. அதற்குப் பிறகுதான் முன்பக்கம். மேசை விளக்கைத் தாழ்த்திப் பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் விழும்படி வைத்தால், ஒன்றுமே இல்லை என்று நினைத்த இடத்தில் கிரீடமோ எண்ணோ நிழலாக எழும்பி வரும். அந்த ஒரு நொடிக்காகவே நான் வாரம் முழுக்கக் காத்திருப்பேன்.

எனக்கு வேலை வட இங்கிலாந்தில் எங்கள் ஊர் வேக்ஃபீல்டு சாலையில் ஒரு ட்ரை கிளீனிங் கடையில். பத்தொன்பது வருடமாகக் கல்லாவுக்குப் பின்னால் நிற்கிறேன். கோட்டு உள்ளே வரும்போதே பொத்தான்களை எண்ணிவிடுவேன். எண்ணாவிட்டால் சனிக்கிழமை திரும்ப வாங்க வருகிறவர்களோடு சண்டை வரும். அதனால் பொத்தான் என் கண்ணுக்குப் பழகியது.

நெவில் இருபத்தாறு வருடம் பஸ் ஓட்டியவன். ஒரு நாள் காலை நிறுத்தத்தில் வண்டி நிற்கும்போதே அவனுக்கு வலிப்பு வந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் உரிமத்தை வாங்கிக்கொண்டார்கள். சீருடையையும் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். டிப்போ நண்பர்கள் பணம் போட்டு, மண்ணுக்குள் உலோகம் இருந்தால் ஒலி எழுப்பும் மெட்டல் டிடெக்டர் ஒன்று வாங்கித் தந்தார்கள். அது பெட்டியைவிட்டு வெளியே வரவில்லை. நெவிலும் பின் அறையைவிட்டு வெளியே வரவில்லை. ஒன்றரை வருடம். திரைச்சீலைகூட விலகாது. சாப்பாட்டுத் தட்டைக் கதவருகே வைத்துவிட்டுக் கடைக்குப் போவேன்.

போன நவம்பரில் ஒரு நாள் கோபத்தில் அந்தப் பெட்டியைக் கிழித்துக் கருவியை அவன் படுக்கைமேல் போட்டேன். "இதையாவது தூக்கிட்டு வெளியே போ, இல்லன்னா நான் இதை வித்துடுவேன்" என்றேன். அதற்கு அடுத்த ஞாயிறுதான் நாங்கள் முதன்முதலாக சேத் இல்லிங்வொர்த்தின் வயலுக்குப் போனது.

சேத் ருபார்ப் பயிரிடுபவர்; புளிப்பான அதன் தண்டைச் சர்க்கரையோடு வேகவைத்துச் சாப்பிடுவோம். எங்கள் பக்கத்தில் ருபார்ப் வேர்களை இரண்டு வருடம் வயலில் விட்டு, பனி விழுந்ததும் தோண்டி, இருட்டுக் கொட்டகைக்குள் கொண்டுபோய் வைப்பார்கள். வெளிச்சமே படாமல் சிவப்பாகத் தண்டு விடும். வேர் எடுத்த வயல் குளிர்காலம் முழுக்கச் சும்மா கிடக்கும். அங்கே தேட அனுமதி கேட்டோம். தங்கம், வெள்ளி, காசு எது கிடைத்தாலும் காட்ட வேண்டும், விலைபோனால் பாதிப் பாதி என்றார் சேத். எல்லா வயல்காரர்களும் சொல்வதுதான்.

பொத்தானை யாரும் காட்டுவதில்லை. தேடுகிறவர்களுக்குப் பொத்தான் என்றால் குப்பை. பலர் வேலியோரம் வீசிவிடுவார்கள். நெவிலும் காட்டவில்லை. தவிர, நல்ல இடம் கிடைத்தால் வாயைத் திறக்கக் கூடாது என்பது இவர்களிடையே எழுதாத சட்டம். திறந்தால் மறுநாள் வயலில் வேறு நாலு பேர் நிற்பார்கள். ஆகவே ஒவ்வொரு ஞாயிறும் சேத் கொட்டகை வாசலிலிருந்து, "ஏதாச்சும் உண்டா?" என்று கத்துவார். நெவில், "ஒண்ணுமில்லைங்க" என்று கை ஆட்டுவான். பையில் நாலு பொத்தான் இருக்கும்.

கிறிஸ்துமஸ் வருவதற்குள் பட்டாளத்துப் பொத்தான்கள் மட்டும் இருபது சேர்ந்துவிட்டன. பழைய காலத்தில் ஒவ்வொரு ரெஜிமெண்டுக்கும் ஒரு எண் உண்டு. அந்த எண்ணைப் பொத்தானில் போட்டுவிடுவார்கள். காலியான சாக்லேட் பெட்டியின் பள்ளங்களில் எண் வரிசையில் அடுக்கினேன். நான்கு, ஒன்பது, முப்பத்து மூன்று, ஐம்பத்தொன்று… பிப்ரவரியில் மொத்தம் முப்பத்தொன்று. பதினோரு வெவ்வேறு ரெஜிமெண்டுகள்.

"பதினோரு படை!" என்றான் நெவில். மேசையைச் சுற்றி நடந்தான். "ஜேனட், ஒரே வயல்ல பதினோரு படை எதுக்கு வரும்? சொல்லு பாப்போம்."

"நீயே சொல்லு. சொல்லத்தானே நடக்கறே."

"முகாம்! பெரிய முகாம் ஒண்ணு இங்க நடந்திருக்கு. ஒருத்தனுக்கும் தெரியல. எந்தப் புத்தகத்துலயும் இல்ல."

"பின்பக்கத்துல இருக்கற பேரை வெச்சுப் பாத்தா சிலது நாப்பது வருஷம் முன்னே பின்னே வருதேண்ணா."

"முகாம் ஒரே ஒரு தடவைதான் நடந்துச்சுன்னு யாரு சொன்னா? வருஷா வருஷம் வந்திருப்பாங்க."

எனக்கும் அது பிடித்திருந்தது. அதனால் அதற்குமேல் கேட்கவில்லை.

முகாம் வந்தபிறகு நெவில் வேறு ஆளானான். திங்கட்கிழமையும் முகம் மழித்தான். நூலகத்துக்கு அழைத்துப்போகச் சொல்லிப் பழைய வரைபடங்களை விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தான். ஒரு நாள் ஊர் வரலாற்றுச் சங்கத்தின் செயலாளர் பமீலா ஹிஞ்ச்லிஃப் தன் பச்சைக் கோட்டைக் கடையில் கொடுக்க வந்தபோது நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் சொல்லிவிட்டேன். பமீலாவுக்குக் கண் விரிந்தது. மறுநாளே நெவிலுக்கு போன் செய்தார். பிப்ரவரி கடைசி வியாழக்கிழமைக் கூட்டத்தில் அவன் பேச வேண்டும். தேவாலயக் கூடத்தில். நோட்டீஸும் அடித்துவிட்டார்கள்: 'நம் ஊரின் மறந்துபோன படை முகாம் – நெவில் ஆட்டி.' வயலோரத்தில் ஒரு தகவல் பலகை வைப்பதைப் பற்றியும் பேச்சு நடந்தது.

குளியலறையிலிருந்து அவன் குரல் தினமும் கேட்டது. "எல்லாருக்கும் மாலை வணக்கம்." பிறகு இருமல். பிறகு மறுபடியும், "எல்லாருக்கும் மாலை வணக்கம்."

அந்த வியாழக்கிழமைக்கு இரண்டு நாள் முன்பு, செவ்வாயன்று, நான் வேலை முடிந்து திரும்பியதும் நெவில் சொன்னான்: "அந்த ஜாடியில இருக்கறதையும் பாத்து முடிச்சுடு. யாராவது எழுந்து கேள்வி கேட்டா நான் முழிக்கக் கூடாது."

ஜாடி என்றால் ஜாம் ஜாடி. எண் இல்லாதது, என்னவென்று தெரியாதது, சாக்லேட் பெட்டியில் இடம் இல்லாதது எல்லாம் அதில்தான் போகும். நான் கொட்டிப் பார்த்தேன். இருபத்தாறு இருந்தன. இவ்வளவு போட்டேனா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

முதலில் எடுத்ததில் கிரீடம், கீழே ஊதுகொம்பு. படம் எடுத்துப் பொத்தான் சேகரிப்பவர்களின் இணையக் குழுவில் போட்டேன். கால் மணி நேரத்தில் ஒருவர் பதில் போட்டார்: டென்மார்க் தபால்காரர் கோட்டு. அடுத்ததில் குறுக்காக இரண்டு கோடாரி, சுற்றிலும் பிரெஞ்சு எழுத்து. அது பிரான்ஸ் நாட்டுத் தீயணைப்புக்காரருடையது. மூன்றாவதில் இரட்டைத்தலைக் கழுகு, ரஷ்யா. பிறகு லண்டன் டிராம் கம்பெனி ஒன்று. பிறகு ஒரு மனநோய் மருத்துவமனை ஊழியருடையது. அதற்குப் பிறகு சிங்கமும் ஒற்றைக்கொம்புக் குதிரையும் போட்ட பட்டாளத்துப் பொத்தான்களே பதினொன்று. அவற்றில் எண் இல்லை, மிகச் சமீப காலத்தவை, முகாமுக்குச் சரிப்படாது என்று நானே ஜாடிக்குள் போட்டவை.

விளக்கை அணைத்தேன். டென்மார்க் தபால்காரரையும் பிரான்ஸ் தீயணைப்புக்காரரையும் லண்டன் டிராம் நடத்துநரையும் கூட்டிக்கொண்டு எந்தப் படை வந்து சேத்தின் வயலில் கூடாரம் அடித்தது? கதைக்குப் பொருந்தியதைப் பெட்டியில் வைத்தேன். பொருந்தாததை ஜாடியில் போட்டு மூடி திருகினேன். மூன்று மாதமாக இதைத்தான் செய்திருக்கிறேன்.

நெவிலிடம் அன்று ஒன்றும் சொல்லவில்லை. புதன்கிழமை மதியம் சாப்பாட்டு இடைவேளையில் ஜாடியை எடுத்துக்கொண்டு சேத்தின் பண்ணைக்குப் போனேன்.

கொட்டகைக்குள் அறுவடை நடந்துகொண்டிருந்தது. வெளியே நல்ல வெயில், உள்ளே மெழுகுவத்தி. குச்சிகளில் செருகிய மெழுகுவத்திகள் வரிசைவரிசையாக எரிய, நடுவில் சேத் குனிந்து தண்டுகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். அமைதியாக நின்றால் மொட்டுகள் வெடித்து விரியும் சத்தம் கேட்கும்.

"கதவைச் சாத்து கண்ணு, வெளிச்சம் வருது" என்றார்.

சாத்திவிட்டு ஜாடியை நீட்டினேன். "இதெல்லாம் உங்க வயல்ல கிடைச்சது. பட்டாளத்துது இன்னும் முப்பத்தொண்ணு வீட்ல இருக்கு."

அவர் ஒரு பொத்தானை மெழுகுவத்திக்கு அருகே பிடித்தார். "தங்கமா?"

"பித்தளை."

"அப்புறம் எதுக்கு நீ இப்படிப் பேயடிச்ச மாதிரி நிக்கறே?"

"இங்க எப்பவாவது படை முகாம் நடந்திருக்கா?"

சேத் என்னை ஒரு முறை பார்த்தார். பொத்தானை ஒரு முறை பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். குச்சியைப் பிடித்துக்கொண்டு சிரித்ததில் மெழுகுவத்தி ஆடி அணைந்தது.

"முகாமா? யாரு சொன்னா?"

"நாளைக்கு அண்ணன் கூட்டத்துல பேசறான். நோட்டீஸ் ஒட்டியிருக்கே, பாக்கலையா?"

"பிப்ரவரியில நான் எங்க கண்ணு வெளியே போறேன்? இந்த இருட்டுதான் எனக்கு ஊரு." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இது எல்லாம் ஆலைக் கழிவும்மா. கம்பளிக் கழிவு. பேட்லி ஆலையிலேருந்து வண்டி வண்டியா வாங்கி வயல்ல கொட்டுவோம். கம்பளி மக்கிச்சுன்னா ருபார்புக்கு அதைப்போல உரம் கிடையாது. எங்கப்பா காலத்துலயும் கொட்டினாங்க, நானும் கொட்டியிருக்கேன். அந்த நாத்தத்துக்கு இந்தத் தெருவுல ஒருத்தன் நடக்க மாட்டான்."

எங்கள் பக்கத்தில் கம்பளி ஆலை என்றால் பழைய துணியைக் கிழித்து, பஞ்சாக்கி, மறுபடியும் நூற்றுத் துணி நெய்கிற ஆலை. ஐரோப்பா முழுக்கக் கழற்றிப்போட்ட கோட்டுகள் இங்கேதான் வந்து சேர்ந்தன. பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தது எனக்கும் நினைவிருக்கிறது. ஆனால் நூலாகாமல் மிஞ்சிய தூசும் தும்பும், அதில் சிக்கிய பொத்தான்களும் எங்கே போயின என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

"மூணு மாசமா நான் ஏதாச்சும் உண்டான்னு கேக்கறேன், உங்க அண்ணன் ஒண்ணுமில்லைன்னு கையாட்டறான்" என்றார் சேத். "ஒரே ஒரு பொத்தானைக் காட்டியிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேனே!"

"பொத்தானைக் காட்டினா சிரிப்பீங்கன்னு நினைச்சோம்."

"இப்ப மட்டும் என்ன பண்ணினேன்?" என்றபடி மெழுகுவத்தியைப் பற்றவைத்தார். பிறகு, என் முகத்தைப் பார்த்து அவர் குரல் இறங்கியது. "அவன்கிட்ட எப்படிச் சொல்லப்போறே?"

எப்படிச் சொன்னேன் என்று இப்போது சரியாக நினைவில்லை. மாலை ஆறு மணி. நெவில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். நான் கோட்டைக் கழற்றாமல் நின்றபடியே முழுவதையும் சொல்லி முடித்தேன். அவன் இஸ்திரிப்பெட்டியின் ஒயரைப் பிடுங்கினான். சாக்லேட் பெட்டியை மூடினான். பின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அந்தக் கதவு சாத்தும் சத்தத்தை நான் மூன்று மாதமாகக் கேட்கவில்லை.

"அண்ணா."

கதவைத் தட்டினேன்.

"தப்பு பண்ணினது நான். பொத்தானைப் பாத்துச் சொன்னது நான்தானே? நாளைக்கு நானே எழுந்து சொல்லிடறேன்."

"பமீலாவுக்கு போன் பண்ணு. எனக்கு உடம்பு சரியில்லைன்னு சொல்லு."

"பண்ண மாட்டேன்."

"ஜேனட்!"

"என்ன ஜேனட்? நீயே பண்ணு. போன் உன் பக்கத்துலதானே இருக்கு."

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. பிறகு கதவுக்கு மிக அருகிலிருந்து அவன் குரல் வந்தது. "இருபத்தாறு வருஷம் ஓட்டினேன். ஒரு தடவைகூட ஒருத்தர் மேலயும் இடிச்சதில்ல. ஒரு நாள் விழுந்தேன். இப்ப ஊர்ல யாரைப் பாத்தாலும் அந்த ஒரு நாளைத்தான் கேக்கறாங்க, எப்படிப்பா இருக்கேன்னு. ஒரு வாரமாத்தான் முகாம் என்னாச்சுன்னு கேக்கறாங்க. அதுவும் பொய்னு நான் போய்ச் சொல்லணுமா?"

தட்டை வைப்பதுபோல அந்த ஜாடியைக் கதவருகே வைத்தேன். பக்கத்திலேயே, எதற்கு என்ன என்று நான் எழுதிய காகிதத்தையும் வைத்தேன்.

வியாழக்கிழமை காலை நான் கீழே இறங்கியபோது சமையலறை மேசையில் பள்ளிக்கூட அட்லஸ் திறந்துகிடந்தது. ஐரோப்பா படத்தின்மேல் பொத்தான்கள் இருந்தன. டென்மார்க்கில் ஒன்று, பிரான்சில் இரண்டு, ரஷ்யாவின்மேல் கழுகு. பட்டாளத்துப் பொத்தான்கள் எல்லாம் இங்கிலாந்தின்மேல் இடம் போதாமல் கடலுக்குள் வழிந்திருந்தன. நெவில் மழிக்காத முகத்தோடு உட்கார்ந்திருந்தான். அவன் விரல்களுக்கிடையே லண்டன் டிராம் பொத்தான் இருந்தது.

"இவன் என் ஆளு" என்றான்.

நான் கெட்டிலில் தண்ணீர் வைத்தேன்.

"எல்லாமே யூனிஃபார்ம், கவனிச்சியா? தபால்காரன், ஃபயர்காரன், பட்டாளத்தான், இவன். ஒருத்தனும் சொந்தக் கோட்டு போட்டவன் இல்ல. வேலை முடிஞ்சதும் குடுத்துட்டுப் போன்னு வாங்கிட்டாங்க." அவன் பொத்தானைப் புரட்டினான். "என்னோடதைக் குடுத்தப்ப அந்தப் பொண்ணு ஒரு கறுப்புப் பையில போட்டு முடிச்சு போட்டுச்சு. எங்க போகும்னு கேக்கணும்னு தோணிச்சு. கேக்கல. இவனோடது எங்க போச்சுன்னு இப்ப எனக்குத் தெரியும். பாதி ஒருத்தன் முதுகுல புதுக் கோட்டா போயிருக்கு. மீதி ருபார்பாப் போயிருக்கு."

"அதைச் சொல்லேன்."

"அதைக் கேக்க யாரும் வரலயே. முகாமைக் கேக்கத்தானே வராங்க."

"வந்தவங்க டீக்காகவாவது உக்காந்திருப்பாங்க. முகத்தை மழி. சாயங்காலம் ஆறரைக்குக் கிளம்பணும்."

கூடத்தில் இருபத்து மூன்று பேர். நான் எண்ணினேன். பமீலா உலர்சலவை செய்த பச்சைக் கோட்டோடு முன்வரிசையில் இருந்தார். பின்னால் பெரிய பாத்திரத்தில் டீ கொதித்துக்கொண்டிருந்தது. நெவில் எழுந்து போய் மேசைக்குப் பின்னால் நின்றான். சாக்லேட் பெட்டியும் ஜாடியும் முன்னால்.

"எல்லாருக்கும் மாலை வணக்கம்." இருமல். "முதல்ல மன்னிக்கணும். நோட்டீஸ்ல போட்டிருக்கறது தப்பு. முகாம் எதுவும் நடக்கல."

ஒருவர் சிரித்தார். வேடிக்கைக்குச் சொல்கிறான் என்று நினைத்திருப்பார். பமீலா சிரிக்கவில்லை.

நெவில் சொல்லத் தொடங்கினான். முதலில் திணறினான். முகாம் என்று எப்படி நம்பினோம், எதையெல்லாம் ஜாடியில் போட்டு மறைத்தோம் என்று ஒன்றுவிடாமல் சொன்னான். என் பெயரைச் சொல்லவில்லை, 'நான்' என்றே சொன்னான். பிறகு கம்பளிக் கழிவு, சேத்தின் வயல், தபால்காரர், டிராம். நடுவில் ஒரு இடத்தில் நின்றுவிட்டான். காகிதத்தைப் பார்த்தான். அதில் எழுதியிருந்தது எல்லாம் முகாமைப் பற்றி.

"அப்ப பலகை?" என்று பமீலா மெதுவாகக் கேட்டார்.

"பலகை வேண்டாங்க."

"குப்பை உரம்னு பலகை வெக்க முடியாதே!" என்று யாரோ சொன்னார்கள். நாற்காலிகள் நகர்ந்தன. இரண்டு பேர் எழுந்து டீப் பக்கம் போனார்கள். நெவிலின் கழுத்து சிவந்தது. அவன் கை சாக்லேட் பெட்டியின் மூடியைத் தேடியது. அந்த மூடி விழுந்தால் அவன் பின் அறைக்குப் போய்விடுவான், இனி எந்தக் கருவியை எறிந்தாலும் வரமாட்டான் என்று எனக்குத் தெரிந்தது. நான் எழுந்துவிட்டேன். எழுந்து என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

"ஏம்ப்பா, மூடாதே!" கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல். "அதை இங்க கொண்டா. எனக்கு எழுந்து வர முட்டி இல்ல."

ஹில்டா ஸ்பெய்ட். எண்பத்தெட்டு வயது. சங்கத்துக் கூட்டங்களுக்கு அவர் பிஸ்கட்டுக்காக வருகிறார் என்று ஊரில் பேச்சு, அவரும் அதை மறுத்ததில்லை. நெவில் பெட்டியையும் ஜாடியையும் அவர் மடியில் கொண்டுபோய் வைத்தான்.

அவர் சாக்லேட் பெட்டியில் இருந்ததைப் பார்த்து, "இது எனக்கு முன்னால உக்காந்திருந்தவளுக எல்லாம் தவறவிட்டது" என்றார். ஜாடிக்குள் இரண்டு விரல் விட்டுச் சிங்கமும் குதிரையும் போட்ட ஒன்றை எடுத்தார். கண்ணுக்கு அருகே கொண்டுபோகவில்லை. விரலாலேயே பின்பக்க வளையத்தைத் தடவினார். "இது என்னோடது."

"உங்க கோட்டா?" என்றான் நெவில்.

"கோட்டு இல்லடா. தப்பு! என் தப்பு." அவர் நிமிர்ந்தார். "பதினஞ்சு வயசுல ஆலைக்குப் போனேன். சண்டை முடிஞ்சு பட்டாளத்துக் கோட்டு மலை மாதிரி கிடந்துச்சு. பெஞ்சுல ஒரு கத்தியை நட்டுக்க நிறுத்தி வெச்சிருப்பாங்க. கோட்டை அதுமேல இழுத்தா தையல் பிரியும். பொத்தானை அறுத்து டப்பாவுல போடணும். ஒண்ணு தப்பிப்போனா உள்ள போயி மெஷின் பல்லை உடைச்சுடும். மேஸ்திரி அதைத் தூக்கிட்டு வந்து, 'யாரு இது? யாரு?'ன்னு கத்துவான். நாங்க பன்னிரண்டு பேரும் கூரையைப் பாப்போம்."

கூடத்தில் முதன்முறையாக எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள்.

"பல்லுல சிக்காம போனதெல்லாம் எங்க போச்சுன்னு இன்னிக்குத்தான் தெரியுது" என்றார் ஹில்டா. "எழுபது வருஷமா ஒருத்தனுக்கும் தெரியாம கிடந்துச்சு. நீ என்னடான்னா ஒண்ணொண்ணாப் பொறுக்கி, கழுவி, பெட்டியில வெச்சு ஊருக்கே காட்டறே! உனக்கு வேற வேலை இல்லையா?"

"இல்லைங்க" என்றான் நெவில். "உரிமத்தை வாங்கிக்கிட்டாங்க."

மறுபடியும் சிரிப்பு. அவனும் சிரித்தான். டீப் பக்கம் போனவர்கள் கோப்பையோடு திரும்பி வந்து ஹில்டாவைச் சுற்றி நின்றார்கள். கத்தி எவ்வளவு உயரம், கையில் வெட்டு விழாதா, கோட்டுப் பைக்குள் ஏதாவது இருக்குமா என்று ஆளுக்கொரு கேள்வி. கோட்டுப் பைக்குள் கடிதங்கள் இருக்கும் என்றார் ஹில்டா. வாசித்துவிட்டு அழுவார்களாம், பிறகு மேஸ்திரி வருவதற்குள் துணியோடு சேர்த்து அனுப்பிவிடுவார்களாம். பமீலா எங்கிருந்தோ ஒரு நோட்டு எடுத்து எழுத ஆரம்பித்திருந்தார்.

"எங்கள்ல இன்னும் நாலு பேர் உயிரோட இருக்கோம்" என்றார் ஹில்டா. "செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்குப் பேட்லி மார்க்கெட் டீக்கடையில உக்காருவோம். நீ இந்தப் பெட்டியைத் தூக்கிட்டு வா. டோரீன் ஒருத்தி இருக்கா, தான் ஒண்ணைக்கூடத் தவறவிட்டதில்லன்னு இன்னிக்கும் பீத்திக்கிட்டு இருக்கா. அவ முன்னால இதைக் கொட்டணும் எனக்கு."

நெவில் பேனா எடுத்து உள்ளங்கையில் எழுதிக்கொண்டான்.

நான் நெருங்கிப் போனேன். "அண்ணா, செவ்வாய்க்கிழமை எனக்குக் கடை. உன்னைக் கொண்டுபோய் விட முடியாதே. வேற நாள் கேக்கலாமா?"

"உன்னை யாரு கூப்பிட்டா?" என்றான். பிறகு ஹில்டாவிடம் திரும்பினான். "நீங்க எப்படிப் போவீங்க?"

"பஸ்லதான். சர்ச் பக்கத்துல ஏறுவேன்."

"அதுல ஏறாதீங்க. அது ஸ்டேஷனைச் சுத்திட்டுப் போகும், இருபது நிமிஷம் தண்டம். கீழ ஸ்டாப்புல பத்து நாப்பதுக்கு ஒண்ணு வரும், நேரா மார்க்கெட் வாசல்ல இறக்கிடும்."

"கீழ ஸ்டாப்புக்கு இறங்கணுமே, என் முட்டிக்கு?"

"நான் பத்தரைக்கு உங்க வாசலுக்கு வரேன். சேர்ந்து இறங்கலாம். டிரைவர் எனக்குத் தெரிஞ்சவன்தான், காத்திருப்பான்."

ஹில்டா அவனை மேலும் கீழும் பார்த்தார். "பத்தரைன்னா பத்தரை. பஸ்காரங்க சொல்ற பத்தரை இல்ல."

காலிக் கோப்பைகள் நாற்காலிகளுக்கு அடியிலெல்லாம் கிடந்தன. நான் அவற்றைப் பொறுக்கி அடுக்கிக்கொண்டு கழுவப் போனேன்.